கைக்கு இடமில்லாத பலகை

ஒரு நாள் காலையில் கிடங்கு வாசலில் பலகை ஒன்று நின்றது. ஆள் உயரத்துக்கு மேலே, ஒட்டுப்பலகை, வெள்ளைச் சாயம் அடித்தது. நடுவில் மனித வடிவத்தில் ஓட்டை. தலை, கழுத்து, தோள், இடுப்பு, இரண்டு கால். வேலைக்கு வருகிறவர்கள் அந்த ஓட்டைக்குள் புகுந்துதான் உள்ளே போக வேண்டும் என்று அறிவிப்பு. உரசாமல் போகிறவர் சீரான உடம்புக்காரர். உரசுகிறவர் திருத்தப்பட வேண்டியவர். மாட்டிக்கொள்கிறவரை என்னவென்று அழைப்பது என்று நிர்வாகம் யோசித்திருக்கவில்லை. ஏனென்றால் நங்கூரம் இன்னும் வந்து சேரவில்லை.

நங்கூரம் என்பது பட்டப்பெயர். சொந்தப் பெயர் சம்பள நாளன்று மட்டும் அவளுக்குத் தேவைப்பட்டது. அது துணிப் பொதிகள் அடுக்கும் கிடங்கு. மாடியிலிருந்து சரக்கை இறக்க ஒரு மின்தூக்கி இருந்தது, நின்றுபோய் வெகு காலம். சரிசெய்யச் சொல்லிக் கேட்டதற்குப் பரிசீலிக்கிறோம் என்றார்கள். இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் சரக்கு சும்மா கிடக்குமா? மாடிக் கதவுக்கு வெளியே நீட்டியிருக்கும் உத்தரத்தில் ஒரு கப்பி, கப்பியில் ஒரு கயிறு. ஒரு முனையில் கொக்கி. மாடியில் பொதியைக் கட்டி, கொக்கியில் மாட்டி, வெளியே தள்ளுவார்கள். மறு முனை கீழே முற்றத்தின் கோடியில், அவள் இடுப்பில் கட்டிய அகலமான கித்தான் பட்டையில். பொதி கீழே இழுக்கும். அவள் உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்து வருவாள். அவள் ஓர் அடி வைத்தால் பொதி ஓர் அடி இறங்கும். சுவரடிக்கு அவள் வந்து சேரும்போது பொதி சுமைக்காரர்களின் தோளுக்கு வந்துவிடும்.

வேறு எதுவும் இல்லை. அவள் பாரம்தான் இயந்திரம். அவள் கயிற்றில் நிற்கிற வரைக்கும் கீழே தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்கிற ஒருவரும் தலையைத் தூக்கி மேலே பார்த்ததில்லை.

மாடியில் பொதி கட்டுகிறவர் அவள் புருஷன். பலமாகக் காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்கிற ரகம். இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் நடந்தால், எழுத்தும் பக்கத்தில் புள்ளியும் போல இருக்கிறது என்று சுமைக்காரர்கள் சொல்வார்கள். புள்ளி இல்லாவிட்டால் எழுத்தைப் படிக்க முடியாது என்று அவர் பதில் சொல்வார்.

அந்தப் புள்ளி அன்றைக்கு உரசாமல் பலகையைக் கடந்தது. நாள்பட்ட வயிற்றுப் புண்காரர் ஒருவரும் கடந்தார். இருவருக்கும் பூச்செண்டு கொடுத்துக் கைதட்டினார்கள். மற்றவர்கள் எல்லோரும் தோளில் உரசினார்கள். சுமை தூக்குகிறவனுக்குத் தோள் அகலமாகத்தான் இருக்கும், அதற்கு என்ன செய்வது. தவிர, பலகையில் கைக்கு இடமே விடவில்லை. தச்சரைக் கேட்டதற்கு, கொடுத்த மாதிரி அப்படி என்றார். சீரான உடம்பு எப்படி இருக்கும் என்று அவர் விசாரித்தபோது, கம்பெனிக் கடையில் சட்டை மாட்டி நிறுத்தும் பொம்மையைக் காட்டினார்களாம். சட்டை மாற்றுவதற்காக அன்றைக்கு அதன் கைகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். தச்சர் கண்ணால் பார்த்ததை வரைந்தார்.

“தலை இருந்துச்சுல்ல, அதுக்குச் சந்தோஷப்படுங்க” என்றார்.

ஆகவே எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நெளிந்து உள்ளே போகப் பழகினார்கள். நங்கூரம் வந்தாள். பலகையைப் பார்த்தாள். யாருக்காவது சவப்பெட்டி செய்கிறார்களா என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தாள். இடுப்போடு நின்றுவிட்டது. முன்னால் இருவர் இழுத்தார்கள், பின்னால் இருவர் தள்ளினார்கள். கடைசியில் பலகையோடு சேர்த்து அவளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பலகைக்குச் சேதமில்லை என்று நிர்வாகம் திருப்தி தெரிவித்தது.

இந்தத் திட்டத்துக்காகத் தலைமை அலுவலகம் அனுப்பியவரின் பதவி, உடல் ஒழுங்கு அலுவலர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அதனால் அவருக்கும் சீக்கிரமே பெயர் வைத்துவிட்டார்கள். விசில் பலகை வழியாக வருவதில்லை. பக்கத்துச் சிறிய வாசல் வழியாக வருவார். அளக்கிறவரே அளவுக்குள் நுழைந்தால் நடுநிலைமை கெட்டுவிடும் என்று விளக்கம் சொன்னார். அவருடைய தொப்பை அவருக்கு ஒரு நொடி முன்பாக அந்த வாசலில் நுழையும்.

முற்றத்தில் எல்லோரையும் நிறுத்திப் பேசினார். உடம்பு என்பது கம்பெனியின் நம்பிக்கை என்றார். சதை என்பது ஒழுக்கக் குறைவு என்றார். கம்பெனித் தலைவர் கிடங்கைப் பார்வையிட வருகிற நாளுக்குள் எல்லோரும் பலகைக்குள் அடங்கியாக வேண்டும், அடங்காதவர்கள் பொறுப்பான இடங்களிலிருந்து நீக்கப்படுவார்கள் என்று முடித்தார்.

“கயிறு பொறுப்பான இடமா சார்?” என்று நங்கூரம் கேட்டாள்.

“மிக முக்கியமான பொறுப்பு.”

“என்னை எடுத்துட்டா யார் கையில குடுப்பீங்க?”

“சீரான உடம்புக்காரங்கள்ல ஒருத்தர்கிட்ட.”

எல்லோரும் மாடியைப் பார்த்தார்கள். கதவோரம் பூச்செண்டோடு நின்ற புருஷன் ஓர் அடி பின்வாங்கி உள்ளே மறைந்தார். வயிற்றுப் புண்காரர் இருமினார்.

வீட்டில் அடுப்பு பற்ற வைக்கிறபோது அவள் சொன்னாள். “இளைச்சுக் காட்டறேன். கயிறை விட மாட்டேன்.” இளைத்துவிட்டால் கயிறு உன்னை விடுமா என்று அவர் கேட்டார். அதற்கு அவள் அவரைத் திட்டினாள்.

சாப்பாட்டு அறை உடற்பயிற்சிக் கூடமானது. மேசைகளை எடுத்துவிட்டுப் பளபளக்கும் இயந்திரங்களை மாட்டினார்கள். மின்தூக்கிக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது. ஓர் இயந்திரம் நின்ற இடத்திலேயே நடக்க வைத்தது. இன்னொன்று இல்லாத படியில் ஏற வைத்தது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற படியில் சுமைக்காரர்கள் நாள் முழுக்க ஏறி இறங்குகிறார்களே, அதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டதற்கு, அந்தப் படியில் கண்காணிப்பு இல்லை, கூடத்துக்கு வெளியே பயிற்சி செய்யக் கூடாது என்று விசிலிடமிருந்து பதில் வந்தது. நங்கூரத்துக்குக் கிடைத்தது மூன்றாவது இயந்திரம். மேலே ஒரு கப்பி. கப்பியில் ஒரு கயிறு. இழுத்தால் இரும்புத் தட்டுகள் ஏறும், விட்டால் இறங்கும்.

அவள் இழுத்தாள். குனிந்து அந்தப் பக்கம் பார்த்தாள்.

“இதுல என்ன சார் இறங்குது?”

“ஒண்ணும் இறங்காது. உன் எடை இறங்கும்.”

“இதைத்தானே காலையிலேர்ந்து முற்றத்துல செய்யறேன். அங்கயாவது ஒரு பொதி கீழ வந்து சேருது.”

விசில் பொறுமையாகச் சிரித்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். “இந்தக் குழப்பம்தான் உங்க எல்லார்கிட்டயும் இருக்கு. உழைப்பு வேற, பயிற்சி வேற. உழைப்புக்கு நாங்க கூலி குடுக்கறோம். கூலி வாங்கிட்டு அசைக்கிற உடம்பு எப்படிம்மா உன் உடம்பாகும்? அது கம்பெனி அசையறது. கூலி இல்லாம நீ அசையற பாரு, அதுதான் உன் ஆரோக்கியம்.”

அந்தப் பேச்சுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. வேலை முடிந்த பிறகு கூலியில்லாமல் ஒரு மணி நேரம் எல்லோரும் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று உத்தரவும் கூடவே வந்தது.

அடுத்தது சாப்பாடு. வாசலில் டப்பாக்களைத் திறந்து பார்த்தார்கள். கிழங்கு இருந்தால் எடுத்துவிட்டு ஒரு வெள்ளரித் துண்டு வைத்தார்கள். இரண்டு முட்டை இருந்தால் ஒன்றை எடுத்தார்கள். எடுத்த கிழங்கும் முட்டையும் பயிற்சிக்குத் தேவைப்படும் ஆராய்ச்சிக்காக அலுவலக அறைக்குப் போயின. ஆராய்ச்சி மதியம் தவறாமல் நடந்தது. சாப்பிடும் முறையும் மாறியது. வாயில் போட்ட கவளத்தை விசில் ஊதும்போது ஒரு தடவை மெல்ல வேண்டும், மறுபடி ஊதும்வரை சும்மா இருக்க வேண்டும். அவசரமாகத் தின்பதுதான் உழைப்பாளியின் நோய் என்றார் அவர். முதல் கவளம் தொண்டையில் இறங்குவதற்குள் வேலை மணி அடித்துவிடும். மீதியை மூடி வைத்துவிட்டுப் பொதி தூக்கப் போவார்கள். ஒரு பையன் பசி தாங்காமல் விசிலுக்கு முன்பே விழுங்கிவிட்டான். அவனை மறுபடி முதலிலிருந்து மெல்லச் சொன்னார்கள். மெல்ல எதுவும் இல்லையே என்றான். மனதில் மெல் என்றார்கள்.

நங்கூரத்துக்கு மட்டும் தனிச் சலுகை, முழு டப்பாவும் வெள்ளரி. அவள் புருஷன் பொதிக்குள் ஓர் அவித்த கிழங்கைத் திணித்துக் கீழே அனுப்பப் பார்த்தார். சீரான உடம்புக்காரர் என்பதால் அவர் டப்பாவைத் திறப்பதில்லை. முதல் நாள் கிழங்கு நசுங்கி, ஒரு முழு வெள்ளைத் துணி வீணானது. அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கயிற்றைக் காப்பாற்ற வேண்டும், வீம்பு பிடித்தவள்.

வீம்பு வேலை செய்தது. முதலில் கன்னம் போனது, பிறகு இடுப்பு போனது. கித்தான் பட்டையில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டே வந்தாள். கையில் நரம்பு தெரிந்தது. விசில் அவளை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, இறுகிய தசை என்றால் இதுதான் என்று குச்சியால் காட்டினார். “பாதிப் பொண்டாட்டிய எங்கடி விட்டுட்டு வந்தே?” என்று புருஷன் கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார்.

பொதிகள் இளைக்கவில்லை. ஒரு நாள் நடு முற்றத்தில் அவள் செருப்பு சறுக்கியது. பின்னால் சாய்ந்தாள், குதிகாலை ஊன்றினாள், ஒன்றும் நிற்கவில்லை. கயிறு அவளைச் சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் மோத வைத்தது. பொதி தொப்பென்று விழுந்தது. கீழே நின்ற சுமைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் தாவினார்கள். ஒருத்தருக்கும் அடியில்லை. ஆனால் அன்றிலிருந்து பொதி இறங்கும்போதெல்லாம் எல்லோரும் மேலே பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். முழங்கைச் சிராய்ப்பைவிட அதுதான் எரிந்தது.

நேராக விசிலிடம் போனாள். கயிறு தன்னை இழுக்கிறது, ஒன்று சாப்பிட விடுங்கள், இல்லாவிட்டால் கூடத்தில் சும்மா கிடக்கிற இரும்புத் தட்டுகளை இடுப்பில் கட்டிக்கொள்ள விடுங்கள் என்றாள்.

விசில் அதிர்ந்துபோனார். “அந்தத் தட்டு கம்பெனி எடைம்மா. பயிற்சிக்கு வாங்கினது. அதை வேலைக்குப் பயன்படுத்தினா பயிற்சியோட புனிதம் என்னாகறது?”

“அப்ப என் எடை?”

“அது உன் சொந்த எடை. இத்தனை வருஷமா சொந்த எடையைக் கம்பெனி வேலையில புகுத்தியிருக்கே. நியாயமாப் பார்த்தா அதுக்கே நாங்க விசாரணை வெச்சிருக்கணும்.”

மறுநாள் அவள் பட்டைக்குள் செங்கல் செருகிக்கொண்டு வந்தாள். பலகையில் இடித்துக் கையும் களவுமாகப் பிடிபட்டாள். செங்கற்கள் பறிமுதல். கூடக் கயிற்றைப் பிடிக்க இரண்டு சுமைக்காரர்கள் தாங்களாகவே வந்தார்கள். அன்றாடம் அப்படித்தான் ஓடியது. ஆனால் மூன்று பேர் பார்க்கிற வேலைக்கு எதற்கு நங்கூரம் என்று அலுவலக அறையில் பேச்சு எழுந்துவிட்டது. பலகைக்குள் அடங்காவிட்டால் அவளுக்குக் கயிறு இல்லை. அடங்கினால் கயிற்றுக்கு அவள் தேவையில்லை. அவளுக்கு முதலில் இது புரியவே இல்லை. புரிந்த அன்று வெள்ளரி டப்பாவை மூடி, ஜன்னல் வழியாக வெளியே வைத்தாள்.

தலைவர் வருகிற நாள் வந்தது. விழா நாள் என்பதால் அன்றைக்குக் கூலி கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். முற்றத்தில் பாதியை மேடை அடைத்துக்கொண்டது. பத்திரிகைப் படக்காரர் வந்திருந்தார். சுமைக்காரர்கள் பலகை வழியாக வந்தபடியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். பார்க்க ஒழுங்காக இருக்கும். தலைவர் பக்கத்து வாசல் வழியாக வந்தார். அந்த வாசலை அன்றைக்குக் காலையில்தான் இடித்து அகலப்படுத்தியிருந்தார்கள்.

விழாவின் சிறப்பு, கூடத்துக்குப் புதிதாக வாங்கி மாடியில் ஏற்றி வைத்திருந்த நடைப் பொறி. நின்ற இடத்தில் நடக்க வைப்பதிலேயே பெரியது. அதற்கு நாடா கட்டி, மாடிக் கதவிலிருந்து கயிற்றில் மெல்ல இறக்கித் தலைவரின் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். இறக்குகிறவள் திட்டத்தின் மாபெரும் வெற்றியான நங்கூரம். விசிலின் சொந்த யோசனை.

அது பொதியைப் போல இரண்டு மடங்கு கனம், கூட இரண்டு பேர் வேண்டும் என்று அவள் சொன்னாள். படத்தில் இரண்டு ஆண்கள் நின்றால் வெற்றி யாருடையது என்று தெரியாமல் போகும் என்றார் விசில். நடந்து வர இடமில்லையே, மேடை நிற்கிறதே என்றாள். நின்ற இடத்திலேயே நிற்கத்தான் இவ்வளவு நாள் பயிற்சி கொடுத்தோம் என்றார்.

அவள் சுவரடியில் போய் நின்று பட்டையை இறுக்கினாள். மேடைக்கு முன்னால் நின்ற சுமைக்காரர்களைக் கண்ணாலேயே தள்ளி நிற்கச் சொன்னாள். அவர்கள் கையைக் கட்டியபடியே நகர்ந்தார்கள். தலையைத் தூக்கினாள்.

“விடுய்யா.”

“வேணாம்டி” என்றார் புருஷன் மாடியிலிருந்து. “உன்னை நான் தூக்குவேன்னு கூட நெனைக்கலாம். இந்த எமன் நிக்காது.”

“தெரியும். விடு. அவங்களும் பார்க்கட்டும்.”

அவர் தள்ளினார்.

தலைவர் அப்போது பேசிக்கொண்டிருந்தார். மின்தூக்கியைச் சரிசெய்யாமல் விட்டது மறதியால் அல்ல, தன்னுடைய நீண்ட காலத் திட்டம், தொழிலாளி படி ஏறட்டும் என்றுதான் விட்டேன் என்றார். ஒரு தொழிலாளி குறைவாகத் தின்று நிறையச் செய்யும்போது தன் கண்ணில் நீர் வருகிறது என்றார். அந்த இடத்தில் நடைப் பொறி நாடா பறக்க இறங்கியது. நங்கூரம் அதே வேகத்தில் மேலே ஏறினாள். நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடந்தன. பொறி தலைவரின் செருப்பு முனைக்கு ஒரு சாண் முன்னால் தரையைப் பெயர்த்துக்கொண்டு உட்கார்ந்தது. அவள் கப்பிக்குக் கீழே, மாடிக் கதவுக்கு நேரே, பட்டையில் உட்கார்ந்து ஆடினாள்.

வந்திருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். “பார்த்தீங்களா, எவ்வளவு லேசாயிட்டாங்க” என்றார் தலைவர்.

புருஷன் கதவிலிருந்து கையை நீட்டி உள்ளே வரச் சொன்னார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் வரவில்லை.

“உன் டப்பாவைக் குடு.”

கொடுத்தார். அவள் காலை மடித்து வசதியாக உட்கார்ந்தாள். கிழங்கு, ரொட்டி, இரண்டு முட்டை. இரண்டு முட்டையும் அப்படியே இருந்தன. தின்ன ஆரம்பித்தாள். கீழே விசில் பழக்கத்தில் ஒரு தடவை ஊதிவிட்டார். அவள் அதற்குள் நாலைந்து தடவை மென்றிருந்தாள்.

படக்காரர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் தலைவருக்கு இது நிகழ்ச்சியில் இல்லாதது என்று உறைத்தது. இறங்கச் சொன்னார். பொறி மேலே போனால்தான் நான் கீழே வர முடியும், யாராவது அதைத் தூக்க வேண்டும் என்று அவள் வாயில் ரொட்டியோடு சொன்னாள். விசில் சுமைக்காரர்களைப் பார்த்துத் தூக்குங்கடா என்றார். ஒருத்தரும் கையை முன்னால் கொண்டுவரவில்லை. வயிற்றுப் புண்காரர்தான் மெதுவாகக் கேட்டார்.

“இது உழைப்பா சார், பயிற்சியா?”

விசில் வாயைத் திறந்தார். உழைப்பு என்றால் இன்றைக்குக் கூலி தர வேண்டும். பயிற்சி என்றால் கூடத்துக்கு வெளியே செய்யக் கூடாது. இரண்டும் அவர் போட்ட விதிகள். வாயை மூடிக்கொண்டார்.

தலைவர் மேலே பார்த்து, உனக்கு என்னம்மா வேண்டும் என்றார்.

“பலகையை எடுங்க. சாப்பாட்டு ரூமைத் திறங்க. கயிறு என்னோடது. நான் எவ்வளவு திங்கறேன்னு எவனும் பார்க்கக் கூடாது.”

“பரிசீலிக்கிறோம்.”

“மின்தூக்கி மாதிரியா சார்?” என்று கேட்டுவிட்டு அவள் இரண்டாவது முட்டையை உரித்தாள். “பரிசீலிங்க. எனக்கு அவசரமில்ல. மேல நல்ல காத்து.”

முட்டை ஓடு ஒன்று சுழன்று வந்து தலைவரின் தோளில் உட்கார்ந்தது. படக்காரர் முழங்காலிட்டு அதையும் எடுத்தார். தலைவர் பலகையை அப்போதே எடுக்கச் சொன்னார். கயிறு அவளுடையது என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லச் சொன்னாள். சொன்னார். சாப்பாட்டு அறைக்கு மட்டும் கால அவகாசம் கேட்டார். தின்கிற விஷயத்தைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை, தின்றுகொண்டிருந்தாள்.

பிறகு அவர்கள் தூக்கினார்கள். தலைவர் ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம், அலுவலக அறைக் கணக்கர் நடுவில். அந்தக் கிடங்கில் அவர்கள் ஒரு பொருளைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. முழங்கால் அளவுக்கு வந்ததும் கை நழுவிக் கீழே போட்டார்கள். கொஞ்சம் இறங்கியிருந்த நங்கூரம் மறுபடி மேலே போனாள்.

“பரவால்ல சார், இன்னொரு சுற்று” என்றாள். “மூச்சை விடுங்க. வயித்தை உள்ள இழுங்க. இன்னும் உள்ள.”

மூன்றாவது சுற்றில் தலைவரின் கோட்டு முதுகில் கிழிந்தது. நாலாவதில் பொறியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார்கள். அதற்கு மேல் அவர்களால் ஏற்ற முடியவில்லை, அவளும் பாதி உயரத்தில் நின்றாள். அப்போதுதான் சுமைக்காரர்கள் கையை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். பொறிக்கு அல்ல. அவள் காலடியில் பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அவள் பட்டையை அவிழ்த்துவிட்டுப் படியில் இறங்குவதைப் போல இறங்கி வந்தாள். கயிறு விடுபட்டதும் பொறியின் முழுக் கனமும் யார் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

திட்டம் முழு வெற்றி, உயர் அதிகாரிகளும் உற்சாகமாகப் பங்கேற்றனர் என்று விசில் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவித்தார். இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு, படுத்தபடியே சொன்னார். சாப்பாட்டு அறை இன்னமும் பரிசீலனையில் இருக்கிறது.

அதற்காகப் பசி நிற்குமா? வாசலிலிருந்து எடுத்த பலகையைத் தச்சர் முற்றத்தில் நான்கு பொதிகளின் மேல் படுக்கப் போட்டார். சுற்றி எல்லோரும் உட்கார இடமிருந்தது. கொதிக்கிற பானையை எங்கே வைப்பது, சாயுமே என்று யோசித்தார்கள். தலை இருந்த ஓட்டையில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. நங்கூரம் இடுப்பு ஓட்டைக்குப் பக்கத்தில் உட்காருவாள். முதல் தட்டை அவள் பக்கம்தான் தள்ளுவார்கள். மெல்லச் சொல்லி யாரும் ஊதுவதில்லை.

பட்டையில் போட்ட புது ஓட்டைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. கயிற்றில் கூட நின்ற இரண்டு பேரில் முதலில் ஒருத்தன் போனான், பிறகு இன்னொருத்தனும் போனான். ஒரு நாள் காலை அவள் முற்றத்தின் கோடிக்குத் தனியாகப் போய் நின்று, குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்தாள். புருஷன் பொதியைத் தள்ளினார். அவள் ஓர் அடி வைத்தாள், பொதி ஓர் அடி இறங்கியது. இன்னோர் அடி.

கீழே தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றவர்கள் முந்தின நாள் பார்த்த ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் மேலே பார்க்கவில்லை.